கருக்கும் கல்லும்

கத்தி மழுங்கினால் தீட்ட வேண்டும் என்பதைச் சிறுவரும் அறிவர். ஆயின் எல்லாக் கத்திகளையும் ஒரே வகையாகத் தீட்டிவிட முடியுமா என்ற வினாவுக்கு அத்துணை எளிதில் விடை கிடைப்பதில்லை. வாய் நேராக அமைந்த கத்தியைத் தட்டைக் கல்லின்மேல் சாய்த்து வைத்து இழுத்தால் போதும். சற்று நேரத்தில் அது பழைய கூர்மையைப் பெற்றுவிடும். பல் வைத்த கத்தியோ அவ்வாறு இசைந்து வருவதில்லை. ரொட்டி அறுக்கவும் தக்காளி நறுக்கவும் நம் வீடுகளில் வைத்திருக்கிறோமே, அந்தக் கத்தியைத் தட்டைக் கல்லில் இழுத்துப் பாருங்கள். பற்களின் முனைகள் மட்டுமே கல்லைத் தொடும். வெட்டும் விளிம்பின் பெரும்பகுதி பல்லுக்கும் பல்லுக்கும் இடைப்பட்ட குழிவுகளில் இருக்கிறது; அங்கே அந்தக் கல் எட்டிப் பார்ப்பதும் இல்லை. மேலும் இழுத்தால் முனைகள் தேயும். விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் பற்களே மறையும். அப்போதும் கையிலிருப்பது கூரான ஒரு கத்திதான். ஆனால் நாம் தீட்டுவதற்கென்று எடுத்த கத்தி அதுவாக இராது.

இங்கேதான் ஓர் அறவினா எழுகிறது. ஒன்றைச் செம்மைப்படுத்துகிறோம் என்று சொல்லி அதன் வடிவத்தையே அழித்துவிடும் உரிமை நமக்கு உண்டா? வடிவத்தைக் காத்தே செம்மைப்படுத்த வேண்டுமெனின், அதற்குச் செலவாகும் நேரமும் பொறுமையும் அப்பொருளின் விலைக்கு மிஞ்சிப் போகும்போது என் செய்வது? சமையலறை மேசையில் தோன்றும் இவ்வினா வகுப்பறைக்குள்ளும் நுழைகிறது. ஆசிரியரும் மாணவரும் படிக்கும் ஒரு தொகுப்பில் கத்தியைப் பற்றி எழுதத் துணிந்ததற்கு அதுவே காரணம்.

பல் வைத்த விளிம்புக்குத் தமிழில் பெயர் தேடி அலைய வேண்டியதில்லை. கருக்கு என்பது பழகிய சொல். பனைமட்டையின் இரு விளிம்பிலும் அரம்பத்தின் பற்களைப் போல் கறுத்து நிற்பதைப் பனங்கருக்கு என்கிறோம். மரமேறியவர்களின் தோலைக் கிழித்த கருக்கு அது. 1992ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலுக்குப் பாமா இட்ட பெயரும் அதுவே. நெல் அறுக்கும் அரிவாளுக்கும் கருக்கு உண்டு. அதனால் அது கருக்கரிவாள் எனப்பட்டது. நம் பாட்டிமார் காலால் அழுத்திக்கொண்டு காய் நறுக்கிய அரிவாள்மனையின் நுனியிலே தேங்காய் துருவுவதற்கென்று வட்டமாக அமைந்த பல்வரிசையை நினைத்துப் பாருங்கள். ஒரே இரும்பில் வழவழப்பான வாயும் பல் வைத்த வாயும் சேர்ந்திருந்தன. இரண்டுக்கும் இரண்டு வேலை. ஒன்று மற்றொன்றைவிட உயர்ந்தது என்று எந்தப் பாட்டியும் சொன்னதில்லை.

பல் எதற்கு? காய்ந்த நெற்றாளின்மேல் நேர்விளிம்பு வழுக்கிக்கொண்டு போகும். பல்லோ தாளைக் கவ்விப் பிடிக்கிறது, கை இழுக்கும் இழுப்பில் அறுக்கிறது. மேலே கடினமும் உள்ளே மென்மையுமான எப்பொருளுக்கும் இதுவே முறை. ரொட்டியின் மேலோடும் தக்காளியின் தோலும் அத்தகையன. கையின் விசை முழுவதும் சில முனைகளிலே குவிவதால் முதற்பிளவு எளிதாகிறது. பிளந்தபின் குழிவுகள் வெட்டுகின்றன. முனைகளே பலகையில் மோதித் தேய்கின்றன. குழிவுகள் அவற்றின் பின்னே காப்பாக ஒதுங்கியிருக்கின்றன. ஆதலால் பல் வைத்த கத்தி நெடுநாள் உழைக்கும். உழைக்கும் என்றேனேயன்றி என்றும் மழுங்காது என்று சொல்லவில்லை. இரும்பு வழக்கத்துக்கு வருமுன்பே மேற்காசிய உழவர்கள் சிறு கற்சில்லுகளை மரத்திலோ எலும்பிலோ வரிசையாகப் பதித்து அரிவாள் செய்தனர். ரொட்டிக்கென்றே செய்த கத்தியை 1893ஆம் ஆண்டு சிக்காகோ உலகக் கண்காட்சியில் ஜெர்மானியர் காட்சிக்கு வைத்தனர். கருத்து பழையது, கருவி மட்டும் மாறி வந்திருக்கிறது.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கருக்கு மழுங்கிய அரிவாள் அறுவடைக்கு முன்னரே கொல்லுப் பட்டறைக்குப் போகும். கொல்லர் அதனை உலையில் இட்டுப் பதப்படுத்தி, விளிம்பைத் தட்டி மெலிதாக்கி, உளியைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு பல்லாகப் புதிதாய் வெட்டுவார். பின்னர் மீண்டும் காய்ச்சி நீரில் தோய்த்து வன்மை ஏற்றுவார். அவர் கூலியும் பெரும்பாலும் களத்துமேட்டில் நெல்லாகவே அளக்கப்பட்டது. எத்தனை பல் வெட்டினார் என்று எண்ணிக் கூலி கொடுத்தவர் இலர். ஆண்டு முழுவதும் ஊரின் இரும்பைக் காப்பவர் என்பதற்காகவே கொடுத்தனர். தச்சரோ தம் அரம்பத்துக்கு முக்கோண அரத்தைப் பயன்படுத்தினார். பல்லுக்குப் பல் நின்று அராவி, பற்களை ஒன்றுவிட்டு ஒன்றாக இருபுறமும் சிறிதே சாய்த்துவிடுவார். அரத்தின் மூலை, பற்களின் இடுக்குக்குப் பொருந்தும் வடிவில் இருந்தது. கருவியின் வடிவம் காயத்தின் வடிவத்தை அறிந்திருந்தது எனலாம்.

இன்று கடைகளில் கிடைக்கும் பீங்கான் கோல் அந்த அரத்தின் வழித்தோன்றல். உருண்டையாகவும் முக்கோணமாகவும் நுனி நோக்கிச் சிறுத்துச் செல்லும் கூம்பாகவும் அது செய்யப்படுகிறது. 1970களிலிருந்து மேலைநாடுகளில் பரவிய இக்கருவியைக் கண்டு, இது நமக்கு அயலானது என்று எண்ணிவிட வேண்டா. அலுமினிய ஆக்சைடு என்னும் பொருளைப் பொடியாக்கி, அச்சில் அழுத்தி, 1500 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் சுட்டு எடுப்பதே இந்தக் கல். அப்பொருள் இயற்கையில் கிடைக்கும்போது அதற்குக் குருந்தம் என்று பெயர். ஆங்கிலத்தில் அக்கனிமத்துக்கு வழங்கும் பெயர் நம் குருந்தம் என்ற சொல்லிலிருந்தே பிறந்தது என்று அம்மொழியின் அகராதிகளே ஒப்புகின்றன. சேலம் வட்டாரத்திலும் காங்கேயத்தை அடுத்த சிவன்மலைப் பகுதியிலும் குருந்தம் கிடைத்தது. அதன் பொடியை அரக்கோடு கலந்து சக்கரமாக வார்த்துச் சாணை செய்தனர் நம் முன்னோர். மாணிக்கமும் நீலமும் குருந்தத்தின் வகைகளே. வைரத்துக்குப் பத்து என்று வன்மையை அளக்கும் மோசு அளவுகோலில் குருந்தம் ஒன்பது. வன்மை ஏற்றிய எஃகு ஏழைத் தாண்டுவது அரிது. ஆகவே எஃகு தேய்கிறது, கல் நிற்கிறது. இதனை விலை கொடுத்து வாங்காதவர்களும் அறிந்தே இருந்தனர். சிங்கப்பூரின் பழைய உணவுக்கடைகளில் சமையற்காரர் பீங்கான் கிண்ணத்தைக் கவிழ்த்து, மெருகு பூசாத அதன் அடிவளையத்தில் வெட்டுக்கத்தியை இரண்டு இழுப்பு இழுத்துக்கொள்வதைக் கண்டவர் பலர் இருப்பர்.

தேக்கா சந்தையை ஒட்டிய பகுதியில் மின்சாணை வைத்திருந்த ஒருவரிடம் ஒருமுறை ரொட்டிக் கத்தி ஒன்றைக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பிடிச்சுத் தரலாம் சார். ஆனா பல்லு போயிடும். அஞ்சாறு வெள்ளிக்குப் புதுசே கிடைக்குமே!”

நேர்மையான மனிதர். வாங்கிக்கொண்டு பல்லை மழித்துக் கொடுத்திருந்தால் நான் வீடு சென்ற பின்னரே அறிந்திருப்பேன். அவர் சொன்ன கணக்கும் பொய்க்கணக்கன்று. அந்தக் கணக்கை நேர்கொண்டு பார்க்காமல் மேலே செல்லலாகாது.

இருபது செண்டிமீட்டர் நீளமுள்ள ரொட்டிக் கத்தியில் முப்பத்தைந்து பற்கள் இருப்பதாகக் கொள்வோம். பெரும்பாலும் அத்தகைய கத்தியின் ஒரு பக்கத்தில் மட்டுமே குழிவுகள் அராவப்பட்டிருக்கும். மறுபக்கம் தட்டையாக இருக்கும். கூம்புக் கோலை ஒவ்வொரு குழிவிலும் வைத்து, அக்குழிவு முதலில் எந்தச் சாய்வில் வெட்டப்பட்டதோ அதே சாய்வில் ஐந்தாறு முறை மெல்லத் தள்ள வேண்டும். பல்லுக்கு ஆறு தள்ளல் எனின் 210 ஆயிற்று. தட்டைப் பக்கத்தை விரல்நுனியால் தடவினால் மிக நுண்ணிய பிசிறு ஒன்று தட்டுப்படும். விளிம்புவரை கல் எட்டிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். பின்பு தட்டைப் பக்கத்தைத் தட்டைக் கல்லில் முழுவதும் படியவைத்து ஓரிரு முறை இழுத்துப் பிசிறை நீக்க வேண்டும். பழகிய கைக்கும் அரைமணி நேரம் ஆகும். கோல் குழிவைவிடப் பருத்திருந்தால் இருபுறத்து முனைகளையும் உராய்ந்து கெடுக்கும். மிக மெலிந்திருந்தால் குழிவின் நடுவே புதுப்பள்ளம் தோண்டும். ஆகையால் கூம்பின் எந்த இடம் எந்தப் பல்லுக்குப் பொருந்தும் என்று பார்த்துப் பார்த்து வைக்க வேண்டியிருக்கிறது. ஐந்து வெள்ளிப் பொருளுக்கு இவ்வளவு வேலையா என்று கேட்பவரை நாம் சோம்பேறி என்று ஏசிவிட முடியாது. மனிதனுடைய அரைமணி நேரத்துக்கும் ஒரு விலை உண்டு. அந்நேரத்தில் அவர் தம் குழந்தைக்கு ஒரு கதை சொல்லியிருக்கலாம்.

சுற்றுச்சூழலைக் காட்டி இவ்வாதத்தை வென்றுவிடலாம் என்று சிலர் கருதுவர். நம் தீவின் எரிக்கத்தக்க குப்பை எரியூட்டப்படுகிறது. பருமன் பத்தில் ஒரு பங்காகக் குறைந்த சாம்பல், 1999ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் பயன்பாட்டுக்கு வந்த புலாவ் செமக்காவ் நிரப்புநிலத்துக்குப் படகில் போகிறது. அந்த இடமும் 2035ஆம் ஆண்டளவில் நிரம்பிவிடும் என்று கணிக்கப்பட்டிருக்கிறது. இவையெல்லாம் உண்மையே. எனினும் கத்தியின் இரும்பு சாம்பலிலிருந்து காந்தத்தால் பிரித்தெடுக்கப்படும் பொருள். எறிந்த ரொட்டிக் கத்தியால் செமக்காவ் நிரம்பிவிடப் போவதில்லை. வலுவில்லாத காரணத்தைச் சொல்லி வெல்வதைவிட, அதனை விட்டுவிடுவதே நேர்மை.

வேறொரு பக்கத்திலிருந்தும் ஐயம் எழுகிறது. கத்தி தீட்டுதல் இன்று பலருக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. பல நூறு வெள்ளிக்குக் கற்களை வாங்கி அடுக்கி, தலைமயிரைப் பிளக்கும் கூர்மை வந்ததா என்று சோதித்து மகிழ்வோர் உளர். அவர்கள் கத்தி காய் நறுக்குவது அரிது. புறநானூற்றில் ஔவையார் இதனை என்றோ கண்டு சிரித்திருக்கிறார். அதியமானுக்காகத் தூது சென்றபோது தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலில் கிடந்தன அவன் ஆயுதங்கள். அதியமானுடைய ஆயுதங்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனுடைய சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்று கூறிவிட்டு வந்தார். புகழ்வது போலப் பழித்தது என்று வகுப்பில் சொல்லித் தருகிறோம். அதில் இன்னொன்றும் இருக்கிறது என்பது என் கருத்து. மழுங்கியிருத்தல் உழைத்ததன் சான்று. உழைத்து மழுங்கியதற்கே தீட்டப்பெறும் உரிமை முதலில் உண்டு. ஐந்து வெள்ளிக் கத்தி பத்தாண்டு காலம் ஒரு குடும்பத்தின் ரொட்டியை அறுத்திருக்குமாயின், கடையில் ஒட்டியிருந்த விலைச்சீட்டு அதன் மதிப்பை முழுவதும் சொல்லிவிடுமா?

செம்பவாங் வட்டாரத்தில் முதியவர் ஒருவர் இருக்கிறார். கப்பல் பட்டறையில் பொருத்துநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாலை வேளைகளில் அடுக்குமாடியின் கீழ்த்தளத்துக் கல்மேசையில் அமர்ந்து அண்டை வீட்டாரின் கத்திகளைத் தீட்டிக் கொடுக்கிறார், காசு வாங்குவதில்லை. பல் வைத்த கத்தி வந்தால் அவர் முதலில் கல்லைத் தொடுவதில்லை. கறுப்பு மை எழுதுகோல் ஒன்றால் ஒவ்வொரு குழிவின் சாய்விலும் மை பூசுகிறார். பிறகு கோலை மிக மெல்ல ஒருமுறை தள்ளி, மை எங்கே அழிந்திருக்கிறது என்று கண்ணாடியை உயர்த்திக்கொண்டு பார்க்கிறார். மேல்விளிம்பில் அழிந்திருந்தால் கோலைத் தாழ்த்துகிறார். கீழே அழிந்திருந்தால் உயர்த்துகிறார். மை முழுவதும் சீராக அழியும் சாய்வு கிடைத்த பின்னரே வேலை தொடங்குகிறது. அவரிடம் நான் மேற்சொன்ன கணக்கைச் சொல்லிக் கேட்டேன்.

“ஐயா, இதுக்கு ஏன் இவ்வளவு நேரம்?”

“பல்லு இன்னும் இருக்குதே சார்” என்றார்.

அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. விளக்கம் வேண்டியிருந்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை. எடுப்பதற்கு முன்னர் இருப்பதை அறிய வேண்டும் என்பது அந்தக் கறுப்பு மையில் அடங்கியிருக்கிறது. தீட்டுதல் என்பது எதையும் கூட்டும் தொழிலன்று. ஒவ்வொரு தள்ளலிலும் எஃகு துகளாகப் போகிறது, போனது திரும்புவதில்லை. கூர்மை வேண்டும் என்பதில் நமக்கு ஐயம் இல்லாதபோதும், அதற்காக எவ்வளவை எடுக்கிறோம், யாருடைய சாய்வில் எடுக்கிறோம் என்ற கேள்வி நிற்கிறது.

இவ்விரு பக்கங்களையும் திருவள்ளுவர் ஒரே கருவியில் கண்டிருக்கிறார். பண்புடைமை அதிகாரத்தில் கூரிய அறிவுக்கு உவமை வேண்டியபோது அவர் வாளை எடுக்கவில்லை, வேலை எடுக்கவில்லை, அரத்தை எடுத்தார். அத்தகைய கூர்மை உடையவரும் மக்கட்பண்பு இல்லையேல் மரத்தை ஒப்பர் என்றார். உட்பகை அதிகாரத்திலோ அதே அரம் பொன்னைத் தேய்க்கிறது. உட்பகை புகுந்த குடி அவ்வாறு வலிமை தேய்ந்துபோகும் என்கிறார். பிறவற்றைக் கூராக்கும் கருவி, பிறவற்றைத் தேய்த்தே அதைச் செய்கிறது. அறிவுக்கு அரத்தை உவமையாக்கியவர் இதை எண்ணாமலா ஆக்கியிருப்பார்? தேர்வில் இக்குறளுக்குப் பொருள் எழுதும் மாணவர்கள் அரத்தைக் கையால் தொட்டுப் பார்த்திருந்தால் நன்று. பலர் பார்த்ததில்லை.

வகுப்பறைக்கு வருவோம். மாணவரை வகைப்படுத்துதல் நமக்குப் புதிதன்று. நன்னூற் பாயிரத்தில் பவணந்தி முனிவர் அன்னமும் பசுவும் போன்றவரை முதல் மாணாக்கர் என்றும், மண்ணும் கிளியும் போன்றவரை இடை மாணாக்கர் என்றும், ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றைப் போன்றவரைக் கடை மாணாக்கர் என்றும் வகுத்தார். சிங்கப்பூரில் 1979ஆம் ஆண்டு டாக்டர் கோ கெங் சுவீ தலைமையில் வெளிவந்த கல்வி அறிக்கை வேறொரு காரணத்துக்காக மாணவரைப் பிரித்தது. பள்ளியில் சேர்ந்தவருள் பலர் இடையிலே விழுந்து போவதைக் கல்வி விரயம் என்று அது கண்டது. எல்லாரையும் ஒரே வேகத்தில் இழுத்துச் சென்றதுதான் அவ்விரயத்துக்குக் காரணம் என்று கருதி, 1981 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் சிறப்புநிலை, விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் ஏற்பட்டன. 1994இல் வழக்கநிலை மேலும் இரண்டாயிற்று. அத்திட்டத்தை இன்று பழிப்பது எளிது. ஆயின் தட்டைக் கல் ஒன்றுதான் இருந்த இடத்தில் மூன்று நான்கு கற்களைக் கொண்டுவந்து வைத்தது அது என்பதை மறத்தல் நன்றியன்று. இடையில் நின்றவர் தொகை பின்னர்க் குறைந்தது. அதன் குறை வேறிடத்தில் இருந்தது. கணக்கில் ஒரு சாய்வும் தமிழில் வேறொரு சாய்வும் உடைய பிள்ளையை ஒரே கல்லில் வைத்து எல்லாப் பாடத்துக்கும் இழுத்தனர். அக்கல்லின் பெயர் பிள்ளையின் பெயராகவும் ஆயிற்று. வழக்கநிலை மாணவன் என்று அறிமுகப்படுத்தப்பட்ட சிறுவன் தலைகுனிந்து நின்றதைப் பார்க்காத ஆசிரியர் நம்மில் இலர். 2024ஆம் ஆண்டில் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து அப்பிரிவுகள் நீங்கின. பாடத்துக்குப் பாடம் தத்தம் திறனுக்கேற்ற நிலையில் அவர்கள் படிக்கின்றனர். குழிவுக்குக் குழிவு கோலின் இடத்தை மாற்றிப் பார்க்கும் வேலை அரசின் அளவில் தொடங்கியிருக்கிறது. அதன் பயனை இன்னும் சில ஆண்டுகள் கழித்தே அளக்க முடியும்.

ஆசிரியப் பயிற்சியில் தனியாள் வேறுபாடுகள் என்ற பாடம் எங்களுக்கு இருந்தது. அதைப் படித்த அனைவருக்கும் ஒரே வினாத்தாள் தந்தே தேர்வு நடந்தது என்பதைச் சிரிப்போடு நினைத்துக்கொள்கிறேன். குறைகூறுவதற்காகச் சொல்லவில்லை, வேறு வழி எளிதில் கிடைப்பதில்லை என்பதற்காகவே சொல்கிறேன். முப்பத்தைந்து பேர் உள்ள வகுப்பில் ஒரு மணி நேரப் பாடத்தை முறையாகப் பங்கிட்டால் தலைக்கு இரண்டு நிமிடமும் கிட்டாது. தட்டைக் கல்லை ஏசும் எவரும் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு ஏசட்டும்.

ஆயினும் பிள்ளை கத்தியன்று. உவமையை அதன் எல்லைக்கு அப்பால் இழுத்தால் அதுவும் பல் உதிர்ந்து போகும். கத்தி தன் சாய்வைத் தானே மாற்றிக்கொள்வதில்லை, பிள்ளை மாற்றிக்கொள்கிறது. சென்ற ஆண்டு பூசிய மையை நம்பி இந்த ஆண்டு தீட்டுபவர் தவறிவிடுவார். கத்தி எதற்கு என்பதைக் கத்தியைச் செய்தவன் முன்பே முடிவு செய்துவிட்டான். பிள்ளை எதற்கு என்பதை முடிவு செய்தவர் யாரும் இலர், இருக்கவும் கூடாது. புறநானூற்றில் பொன்முடியார் அவரவர் கடமைகளை வரிசையாகச் சொன்னபோது வேல் வடிப்பதைக் கொல்லனுக்கு வைத்தார். மகனைச் சான்றோனாக்குவதைத் தந்தைக்கு வைத்தார். ஆசிரியனுக்கு அந்தப் பட்டியலில் தனி வரி கிடையாது. நம் தொழிலைப் பற்றி மிகையாகப் பெருமைப்படும் நாட்களில் இதை நான் நினைத்துக்கொள்வதுண்டு. நன்னூல் ஆசிரியனுக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என நான்கு உவமை தந்தது. அவற்றுள்ளும் அரமோ சாணையோ இல்லை.

கல்லின் பக்கத்தையும் ஒருவர் பார்க்க வேண்டும். இயற்கையான மென்கல்லும் நீர்க்கல்லும் தீட்டத் தீட்டத் தாமும் தேய்ந்து நடுவில் குழிகின்றன. அவற்றை அவ்வப்போது சமன் செய்யாவிட்டால் கத்தியின் வாயும் வளைந்து போகும். பீங்கான் கல் அவ்வாறு குழிவதில்லை. ஆண்டுகள் பல கடந்தும் வடிவம் மாறாமல் நிற்கும். ஆனால் அதன் நுண்துளைகளில் எஃகுத் துகள் அடைந்துகொள்கிறது. வெண்மையாக இருந்த கோல் சாம்பல் நிறமாகிப் பளபளக்கத் தொடங்குகிறது. பார்ப்பதற்கு மெருகேறியது போல் இருக்கும். கத்தியோ அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். வேலை நடப்பது போன்ற ஓசை கேட்கும், வேலை நடக்காது. பாத்திரம் துலக்கும் பொடியைப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினால் கல் மீண்டும் பிடிக்கத் தொடங்கும். ஆசிரியர்களுள் இருவகையினரையும் நான் பார்த்திருக்கிறேன். மாணவருக்காகத் தேய்ந்து தம் வடிவையே இழந்தோரும் உண்டு. இருபதாண்டாக வடிவு மாறாமல், பழைய துகள் அடைந்து பளபளத்து நிற்போரும் உண்டு. பின்னவரைக் கண்டு பிடிப்பது கடினம். அவர்கள் வகுப்பில் ஓசை குறைவதேயில்லை.

இனி ஒரு செய்தி. பற்கள் முன்னரே மழிக்கப்பட்டுவிட்ட கத்திகளும் செம்பவாங் முதியவரிடம் வருவதுண்டு. எங்கோ ஒரு மின்சாணை அலைகளையெல்லாம் சமமாக்கி, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சுவடுகளை மட்டும் விட்டிருக்கும். அவற்றில் புதுப்பல் வெட்டித் தருமாறு சிலர் கேட்கின்றனர். பழைய பட்டறையில் உலையும் உளியும் கொண்டு கொல்லர் செய்த வேலையைக் கீழ்த்தளத்து மேசையில் பீங்கான் கோலால் செய்ய இயலாது என்கிறார் அவர். எஞ்சிய சுவடுகளையும் தட்டைக் கல்லில் சமன்படுத்தி, நேர்வாய்க் கத்தியாகவே அதைத் தீட்டி முடிக்கிறார். பிறகு பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுக்கும்போது, இது இனி ரொட்டிக்கு ஆகாது, வெங்காயத்துக்கும் கீரைக்கும் நன்றாக ஆகும் என்று சொல்லிக் கொடுக்கிறார். வாங்கிச் செல்பவர்களில் சிலர் அதைக் கேட்டுக்கொள்கின்றனர். சிலர் மறுவாரம் அதே கத்தியால் ரொட்டியை நசுக்கிவிட்டு, கத்தி சரியில்லை என்று திரும்பவும் கொண்டுவருகின்றனர்.